கூடுதலாக ஒரு தலை

பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. விளையாட்டைப் பற்றி எழுதப்போவதில்லை; அதில் என்னைவிட நீங்கள் தெளிவாக இருப்பீர்கள். ஆனால் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பந்தோடு சேர்த்து இன்னொன்றையும் தலையில் கட்டியிருப்பார்கள்: பள்ளிப் பாதுகாப்பும் மாணவர் நலனும். எனக்கும் கட்டினார்கள். அதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். சரியாகச் செய்தவற்றை நீங்களே செய்துகொள்வீர்கள்.

முதலில் அந்தப் பொறுப்பு எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் எங்கள் பள்ளி மைதானத்துக்குக் காட்டுமாடு வருவது அதிசயமில்லை. மேய்ந்துவிட்டுத் தானாகப் போய்விடும். ஒருநாள் எட்டாம் வகுப்புக்கு நான் கோ-கோ நடத்திக்கொண்டிருந்தபோது, லாரி மாதிரி ஒன்று கம்பி வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பிள்ளைகள் அலட்டிக்கொள்ளாமல் வரிசையாக வகுப்புக்குள் போய்விட்டார்கள். நான்தான் விளையாட்டுச் சாமான் அறைக்குள் ஓடி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் கழித்து ஒரு சிறுமி வந்து கதவைத் தட்டி, “டீச்சர், அது போயிருச்சு, நீங்க வரலாம்” என்றாள்.

அடுத்த வாரம் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் ஒருவரை நியமிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் தேநீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் திரும்பி, ஆபத்து வந்தால் எவ்வளவு வெரசாக ஓட வேண்டும் என்று இந்தப் பள்ளியில் நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான் என்றார். அப்படித்தான் வந்தது. என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, மாணவர்கள் எந்தக் கவலையையும் தெரிவிக்கலாம் என்று ஒரு பலகையும் எழுதி மாட்டினார்கள். அதை மாட்டிய இடம் தலைமையாசிரியரின் அறை. அங்கே ஒரு பிள்ளையும் தானாகப் போனதில்லை.

பொறுப்பு வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தீ விபத்து ஒத்திகை ஒன்றை யாருக்கும் சொல்லாமல் நடத்த வேண்டும், அப்போதுதான் உண்மை தெரியும் என்று முடிவு செய்தேன். பழைய வாளியில் ஈரமான தைல மர இலைகளைப் போட்டுக் கொளுத்தினேன். செல்போனில் சைரன் சத்தத்தை வைத்துக் காலை வழிபாட்டு மைக்குக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டேன். பிறகு வராந்தா முழுக்க ஓடி, “தீ, தீ, வெளியே வாங்க” என்று கத்தினேன். புகை காற்றுக்குத் திரும்பி ஆசிரியர் அறைக்குள் போனது. கணக்கு ஆசிரியர் விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்தார். நடுவில் என் அண்ணி போனில் கூப்பிட்டுவிட்டார். சைரன் நின்று, என் அழைப்பு ஒலியான முருகன் பாட்டு பள்ளி முழுக்க ஒலித்தது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நின்று கும்பிட்டார்கள்.

இப்படி இருந்தும் நாலரை நிமிடத்தில் பள்ளி காலியாகிவிட்டது. நான் பூரித்துப்போய் மைக்கைப் பிடித்தேன்.

அப்போது பதினொன்றாம் வகுப்பு ஆசிரியை வந்து என் காதில் ஒரு விஷயம் சொன்னார். அவர் வகுப்பில் ஒரு பெண் உண்மையிலேயே தீ என்று நம்பி, பெஞ்சுக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். கத்தவும் இல்லை, வரவும் இல்லை. இரண்டு தோழிகள் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் கூட்டிவந்தார்களாம். வரிசையில் நின்ற அவளைக் கையால் காட்டினார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. உங்களிலும் சிலர் அப்படி இருப்பீர்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மைக்கில் சொன்னேன்: “பதினொன்றாம் வகுப்பில் ஒரு வீராங்கனைக்குப் பெஞ்சைத் தனியா விட்டுட்டு வர மனசு வரலையாம். பெஞ்சைக் காப்பாத்துனதுக்கு ஒரு கைதட்டு கொடுங்க.”

மைதானமே சிரித்துக் கைதட்டியது. நானும் சிரித்தேன். அறிக்கையில், ஒத்திகை வெற்றி, அனைவரும் பத்திரமாக வெளியேறினர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த ஒத்திகை. இந்த முறை தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி மேற்பார்வைக்கு வந்திருந்தார். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். பேசும்போதெல்லாம் பல் தந்தியடித்தது. புகை வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மணி மட்டும் போதும் என்றார். அதெல்லாம் சப்பென்று இருக்குமே என்று நினைத்தாலும் சரி என்றேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து நின்றார்கள். வந்த கையோடு மேகமும் மைதானத்தில் இறங்கிவிட்டது. கடைசி வரிசையில் குல்லாக்கள் மட்டும்தான் தெரிந்தன. காலைப் பதிவேடுகளைக் கூட்டினால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மைதானத்தில் எண்ணினால் முந்நூற்றுப் பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். அதேதான்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், குளிர் மட்டும் ஆகாது. மங்கி குல்லாவுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: “ஒண்ணு கூடத்தான இருக்கு, கொறையலையே. பன்னெண்டுன்னே எழுதிருங்க டீச்சர். பிள்ளைக நடுங்குதுக.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பேனாவைத் திறந்தும்விட்டேன். அந்த இளைஞர் தடுத்தார்.

“மேடம், ஒண்ணு கொறஞ்சா எல்லாரும் தேடுவோம். கூடுனா யாரும் தேட மாட்டோம். ஆனா கூட ஒரு ஆள் இருக்குன்னா, உள்ள இருக்குறது யாருன்னு உங்களுக்கே தெரியலைன்னு அர்த்தம். அப்புறம் நான் யாரைத் தேடி என் ஆளுகளை உள்ள அனுப்புறது?”

அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பேனாவை மூடினேன். வரிசை வரிசையாகப் பதிவேட்டோடு நடந்தேன். ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இருபத்தாறு பேர் இருக்க வேண்டும். இருபத்தேழு தலை இருந்தது. கடைசியில் நின்ற தலை மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். அது தெரியாமலிருக்க முழங்காலை மடக்கிக்கொண்டு, குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற சிறுவன் நான் கேட்காமலேயே, “இந்த அக்கா எங்க கிளாஸ்தான் டீச்சர்” என்றான். அவன் பொய் சொன்ன தினுசில் அவனுக்கு அதில் பழக்கமில்லை என்று தெரிந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை. நான் செய்த கேலி நினைவுக்கு வந்தது. பெஞ்சைக் காப்பாற்றிய வீராங்கனை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை ஒரு மூச்சு விடும் நேரத்தில் எடுத்தவை, இதுவும் அப்படித்தான். முந்நூறு பேர் பார்க்கிறார்கள். தலைமையாசிரியர் கையில் மைக் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் என் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கைப் பேச்சு வந்து நிற்கிறது, ஆறாம் வகுப்பில் இவ்வளவு வேகமாக வளர என்ன சாப்பிடுகிறாய் என்று. நல்ல வேடிக்கைதான். சொல்லியிருந்தால் மைதானம் சிரித்திருக்கும். அந்தப் பெண்ணின் கண்ணில் அதை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு பார்வை இருந்தது. ஊசி போடுகிறவர் முன்னால் கையை நீட்டியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

விழுங்கினேன். சத்தமாக “இருபத்தேழு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். எல்லாவற்றையும் முடித்து அதிகாரியிடம் வந்து, முந்நூற்றுப் பதின்மூன்று சரிதான், ஒருவர் பதிவேட்டில் இல்லை, யார் என்று எனக்குத் தெரியும், மற்றதை இங்கே வைத்துச் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு, அவளை யார் கண்ணிலும் படாமல் அங்கிருந்து அனுப்புவதற்காக, ஆறாம் வகுப்பை மட்டும் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளைச் சத்துணவுக் கூடத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். அந்தக் கூட்டத்தோடு அவளும் மேகத்துக்குள் போய்விட்டாள். மற்றவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

சத்துணவுக் கூடத்தில் சமையலர் பாண்டியம்மாள் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகையும், அதன்மேல் வேதியியல் புத்தகமும், பாதி உரித்த பூண்டும் இருந்தன. அந்தப் பெண் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் கார்த்திகா. வில்பட்டியில் கேரட்டும் பூண்டும் போடுகிற குடும்பம். பதினெட்டு நாளாக வெள்ளனே கிளம்பி, சீருடையோடு பஸ் ஏறி, பள்ளியின் பின்பக்கப் பாதை வழியாக இங்கே வந்து, பாடம் படித்து, காய் நறுக்கிக் கொடுத்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்குச் சத்துணவு கிடையாது. பாண்டியம்மாள் தன் தூக்குச் சட்டியிலிருந்து பாதியைக் கொடுத்திருக்கிறார். வகுப்பாசிரியை அவளுக்கு வரவில்லை என்று போட்டு, பக்கத்தில் ‘பூண்டு எடுப்பு’ என்று எழுதியிருந்தார். மேல்மலைப் பிள்ளைகள் அறுவடை சமயத்தில் வராவிட்டால் நாங்களே அப்படி எழுதிக்கொள்வது வழக்கம். கேட்பதைவிட அது சுலபம்.

எனக்கு முதலில் பாண்டியம்மாள் மேல் கோபம் வந்தது. பதினெட்டு நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மொத நாளே ஆபீசுக்குக் கூட்டியாறதுக்குத்தான் கையப் புடிச்சேன்” என்றார். “சொன்னீங்கன்னா நாளையில இருந்து இங்கிட்டு வர மாட்டேன், ஏரிப்பக்கம் போயி ஒக்காந்துக்கிருவேன்னு சொல்லுச்சு. கைய விட்டுட்டேன். இங்கன இருந்தா என் கண்ணு முன்னால கெடக்கும்ல. யார்ட்டயாச்சும் சொல்லியிருக்கணும்தான். யார்ட்டச் சொல்றதுன்னு தெரியல டீச்சர்.”

தலைமையாசிரியர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருந்த என் பெயரை நினைத்துக்கொண்டேன்.

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் வேடிக்கை எல்லாம் வற்றிவிட்டது. பாண்டியம்மாள் சுக்குக் காபி கொடுத்தார். மூவரும் மூட்டைமேல் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “ஏரிப்பக்கம்னா ஒக்கார மட்டுந்தானா கார்த்திகா? உயிரை விட்டுரலாம்னு நெனப்பு ஏதும் வந்துச்சா?” இப்படி நேராகக் கேட்கப் பலர் பயப்படுவார்கள், கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோம் என்று. அப்படி ஆகாது, கேளுங்கள். கேட்ட பிறகு பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

அவள் நெடுநேரம் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒக்காரத்தான் டீச்சர். ஆனா அங்கன தனியா இருந்தா என்ன நெனைப்பேன்னு எனக்கே தெரியல. அதான் இங்க வந்தேன்.”

அன்று அவளைத் தனியாக விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒத்திகைக்கு மறுநாளிலிருந்து அவள் உள்ளே நுழைந்தாலே பின்பெஞ்சில் யாராவது சைரன் மாதிரி ஊளையிடுவார்களாம். பெயர் போய் ‘சைரன்’ என்றே ஆகிவிட்டதாம். ஒரு மாதம் போல் தாங்கியிருக்கிறாள். பிறகு வகுப்பு வாசலில் கால் வைத்தாலே நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, கை விறைக்க ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பதினெட்டு நாள் ஒளிந்திருந்தவள் இன்று எதற்கு மைதானத்துக்கு வந்தாள்? மூட்டைகளுக்கு நடுவிலேயே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே.

“அதான் டீச்சர்” என்றாள். “யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் வரலைன்னுதான நோட்டுல இருக்கு. நெசமாவே தீப் புடிச்சா என்னைய யாரும் தேடி வர மாட்டீங்க. அந்த நெனப்பு வந்ததும் பயந்து போயி நானே வந்துட்டேன்.”

முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ பயிற்சிக்குப் போய் எத்தனையோ கையேடுகளை வாங்கி வந்திருக்கிறேன். பள்ளிப் பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அதிலும் அவசரப்பட்டேன். நாளைக் காலை வழிபாட்டில் அதே மைக்கில், எல்லார் முன்னாலும் கேட்கிறேன் என்று ஆவேசமாகச் சொன்னேன். அவள் பதறிப்போய், “வேணாம் டீச்சர், மறந்தவங்களுக்கும் ஞாபகம் வந்துரும்” என்றாள். பாருங்கள், மன்னிப்பிலும் எனக்கு மைக் தேவைப்பட்டிருக்கிறது. சரி என்று மூட்டைமேல் உட்கார்ந்தபடியே, நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூண்டு உரித்தார். அத்துடன் கார்த்திகாவிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது: இதை ரகசியமாக வைக்க என்னால் முடியாது, உன் அம்மாவிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லியாக வேண்டும், ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வேன். காப்பாற்ற முடியாத வாக்கை அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அவள் அழுதாள். பிறகு சரி என்றாள்.

அன்றே அவளோடு வில்பட்டி போனேன். அவள் அம்மா வயலிலிருந்து சேறு படிந்த கையோடு வந்து முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று நான் அஞ்சினேன். அவர் நிதானமாக, “தெனமும் பள்ளிக்கூடத்துக்குத்தான வந்திருக்கா? பின்ன எதுக்கு வரலைன்னு எழுதுனீங்க?” என்று கேட்டார். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியையும் இந்தக் கேள்வியை மறுநாள் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பள்ளிக்கு வந்தாள், வகுப்புக்கு வரவில்லை என்பதற்குப் பதிவேட்டில் என்ன குறி போடுவது என்று கடைசிவரை முடிவாகவில்லை. ஆனால் வரவில்லை என்று போடும் ஒவ்வொரு பெயருக்கும் அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து குரலைக் கேட்டுவிட வேண்டும் என்பது அந்த அறையில்தான் முடிவானது. பலகையும் அங்கிருந்து கழன்று சத்துணவுக் கூடத்துச் சுவருக்குப் போனது. அதில் என் பெயருக்குக் கீழே பாண்டியம்மாள் பெயரையும் எழுதினோம். அவர் மூன்று நாள் வெட்கப்பட்டார்.

அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகரிடம் அம்மாவும் மகளும் நானும் போனோம். இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள், வெளியேயும் விட்டுவிடாதீர்கள், தினமும் ஓர் அடி என்றார் அவர். முதல் நாள் வகுப்பு வராந்தா வரை. அடுத்த நாள் யாருமில்லாத வகுப்பறையில் பத்து நிமிடம். பிறகு ஆய்வக வகுப்பு மட்டும். சில நாள் முன்னேறினாள், சில நாள் வராந்தாவிலிருந்தே திரும்பினாள். திரும்பிய நாளில் பூண்டு உரித்தாள். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் போவது அதன் பிறகும் நெடுநாள் தொடர்ந்தது.

இதற்கிடையில் அந்த ஊளையை ஆரம்பித்தவனைத் தேடிப் பிடித்தேன். நல்ல வாட்டசாட்டமான பையன், என் கால்பந்து அணியில் கோல்கீப்பர். தனியாகக் கூப்பிட்டு, ஒரு பெண்ணை இப்படிச் செய்யலாமா என்று ஆரம்பித்தேன். அவன் திமிராக இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். “நீங்கதான டீச்சர் மைக்ல மொதல்ல சிரிச்சீங்க?”

ஆமாம், நான்தான் ஆரம்பித்தேன், அது தப்பு, இனி நான் செய்ய மாட்டேன், நீயும் செய்யாதே என்றேன். அவன் சரி என்று சொல்லிவிட்டுப் போனான். அதட்டியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்றரை மாதம் கழித்து, கார்த்திகா முழு வகுப்பு இருக்கும்போது முதன்முறையாக உள்ளே போவது என்று நாள் குறித்தோம். அவளே தேர்ந்தெடுத்த நேரம்: கடைசிப் பாடவேளை, அது உடற்கல்விக்கானது, நான் இருப்பேன். அவளுக்குக் கதவோரத்தில் இடம் வைத்திருந்தோம். நான் கரும்பலகைப் பக்கம் நின்று வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டாள். உள்ளே வந்தாள்.

பின்பெஞ்சிலிருந்து மெலிதாக ஒரு “ஊ” வந்தது. கோல்கீப்பர் இல்லை, வேறு யாரோ, பழக்கதோஷம். நான் விசிலுக்குக் கையைக் கொண்டுபோனேன். அதற்குள் கார்த்திகா திரும்பிவிட்டாள். விரல்கள் துப்பட்டா ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.

“ஏலே, சுதி சேரல” என்றாள். “இன்னும் கொஞ்சம் மேல ஏத்து.”

வகுப்பு திகைத்துப்போய் அவளைப் பார்த்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. பதிவேட்டால் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள், பையைக் கழற்றி வைத்தாள், நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நான் சிரித்தேன்.